வெற்றிலைத் தட்டோடு போன பள்ளிக்கூடச் செய்தி

எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று பேர் நான் பெற்றவர்கள், ஒருத்தி என் தங்கை பெற்றுவிட்டுப் போனவள். நால்வருடைய ரிப்போர்ட் புத்தகத்திலும் பெற்றோர் கையெழுத்து போடுகிற இடத்தில் என் கையெழுத்துதான் இருக்கும். ராஜம்மா என்று கொஞ்சம் சாய்வாக எழுதி, அடியில் ஒரு கோடு இழுப்பேன். அந்தக் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சிவப்பு மையா, நீல மையா என்று மட்டும் பார்த்துக்கொள்வேன்.

தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு வரைக்கும் போனேன். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெண் பெயர், அவ்வளவுதான். இப்படிப்பட்டவள் கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளியிலிருந்து தமிழ் வீடுகளுக்குப் போன செய்தி எல்லாம் கடைசி சில வருஷங்கள் என் வாய் வழியாகத்தான் போனது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

போன மாதம் அந்தப் பள்ளி ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி தர்ஷினி என்னைத் தேடி பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்தாள். நான் இப்போது இங்கே மகன் வீட்டில் இருக்கிறேன். பள்ளித் தமிழ்மொழிக் கழகம் ஒரு மலர் போடுகிறதாம், அதில் பழைய ஆள் ஒருவர் எழுத வேண்டுமாம்.

"ஆன்டி, இப்ப எல்லாமே வாட்ஸ்அப்தான். டீச்சர் மாறினாலும், சோதனை மார்க் வந்தாலும் ஒரு தட்டு தட்டினா எல்லா பேரன்ட்ஸுக்கும் போயிடும். ஆனா கூட்டம்னு கூப்பிட்டா ஆளே வர மாட்டேங்கிறாங்க லா. உங்க காலத்துல மண்டபம் நெறைஞ்சிருக்கும்னு பழைய டீச்சருங்க சொல்றாங்க. எப்படி ஆன்டி கூப்பிட்டீங்க?"

"நீ அனுப்புறத அவங்க படிச்சாங்களான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு நீலக் கோடு விழும் ஆன்டி."

"கோடு விழுந்தா காதுல விழுந்த மாதிரியா?"

அவள் சிரித்துவிட்டு, இதையே எழுதிக் கொடுங்கள் என்றாள். எனக்கு எழுத வராது என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

முதலில் கேன்டீனில் தட்டு கழுவினேன். பிறகு கூட்டிப் பெருக்குகிற வேலை. ஆபீஸ் பியூன் ஓய்வு பெற்றதும் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஃபைலை நிறம் பார்த்து எடுப்பேன். பாசாரில் காய்கறி, மீன் வாங்கப் பேசிப் பேசி மலாய் சரளமாக வந்துவிட்டது. மணி அடிப்பேன், தே என்று நாங்கள் சொல்கிற தேநீர் கலக்குவேன், கல்வி இலாகாவுக்குப் போகிற கடிதத்தைக் கொண்டுபோய்ப் போடுவேன். பல வருஷங்கள் இப்படியே ஓடின. அந்த நாளில் பள்ளி பெற்றோருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் மலாயில் ஒரு தாள் அடித்துப் பிள்ளைகள் கையில் கொடுப்பார்கள். அது பையின் அடியில் கிடந்து கசங்கும். ஆறு மாதம் கழித்து அதில் யாராவது அம்மா தோடம்பழத் தோலைச் சுற்றிப் போடுவாள்.

பிறகுதான் புவான் சலேஹா பெங்கெத்துவாவாக வந்தார். புவான் என்பது பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற மலாய்ச் சொல், பெங்கெத்துவா என்றால் பள்ளி முதல்வர். வருஷத்தின் நடுவில், பாதி ஓடிவிட்ட பள்ளியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

குட்டையான உருவம். இரண்டு முட்டியும் வலி. மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றி வைத்துக்கொள்வார். மூடி போட்ட குவளையில் வெறும் சுடுநீர் குடிப்பார், தே தொட மாட்டார். குரலை உயர்த்தி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பதில் வரும் வரை காத்திருப்பார், அதுதான் பயமாக இருக்கும். கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் பேனாவுக்கு மூடி போடுவார். 'டிக்' என்று சத்தம் கேட்டால் ஆபீசே நிமிர்ந்து உட்காரும். என்னைக் காக் என்றுதான் கூப்பிடுவார். மலாயில் அக்கா என்பதற்கு அப்படிச் சொல்வார்கள். பியூனை அக்கா என்று கூப்பிட்ட முதல் பெங்கெத்துவா அவர்தான்.

வந்த வாரமே சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். பள்ளி விடுகிற நேரம் கேட் பக்கம் தமிழ் அம்மாமார் நாலைந்து பேர் என்னைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே கூப்பிட்டார். எங்களுக்குள் பேச்செல்லாம் மலாயில்தான், நான் தமிழில் சொல்கிறேன்.

"காக், அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள்?"

"பெரிசா ஒன்னும் இல்ல புவான். எப்பவும் கேக்கிற மூணு கேள்விதான். யார் சொல்லிக் கொடுக்கிறாங்க? என் பிள்ளை எப்படிப் படிக்குது? சரியா படிக்கலன்னா நீங்க என்ன செய்யப் போறீங்க?"

அவர் காத்திருந்தார். நான்காவது கேள்வி இருக்கிறதா என்று பார்த்திருப்பார் போல. இல்லை. எந்தத் தாய்க்கும் நான்காவது கேள்வி இல்லை. "இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத எதையும் இனி வீடுகளுக்கு அனுப்ப வேண்டாம்" என்று ஆபீசில் சொல்லிவிட்டார்.

சொன்னதோடு விடவில்லை. ஒரு முறை வைத்தார். எந்தச் செய்தியானாலும் முதலில் என்னைக் கூப்பிட்டு வாயால் சொல்வார். நான் போய் வேறு வேலை ஏதாவது பார்த்துவிட்டு வர வேண்டும். வந்ததும் அவர் தாய் மாதிரி உட்கார்ந்துகொள்வார், நான் அவருக்கு அந்தச் செய்தியைச் சொல்ல வேண்டும். எனக்கு எங்கே திக்குகிறதோ அந்த இடத்தைத் திருத்துவார். தடங்கல் இல்லாமல் நான் சொல்லும் வரைக்கும் அது வெளியே போகாது. கேட்டில் நான் ஒரு தாயிடம் சொன்னால் அவளும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னால்தான் செய்தி போய்ச் சேர்ந்தது என்று கணக்கு.

முதலாம் படிவம் என்கிற தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு மார்க் போடுகிற முறை மாறியிருந்தது. நூற்றுக்கு இத்தனை என்பது போய், பேண்ட் ஒன்று முதல் ஆறு வரை என்று வந்திருந்தது. புவான் அழகாக விளக்கினார். நான் போய்ப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். சொல்ல ஆரம்பித்து, நின்றுவிட்டேன்.

"என்ன காக்?"

"பேண்ட் மூணுன்னா பாஸா, ஃபெயிலா புவான்?"

கொஞ்ச நேரம் சுடுநீர் குடித்தார். "அதைத்தானே அவர்களும் கேட்பார்கள்" என்றார். பிறகு திருத்தினார். பேண்ட் மூன்று என்றால் பிள்ளைக்குப் பாடம் தெரியும், புரியும், செய்யவும் வரும். இதை நான் ஒரே மூச்சில் சொன்னேன். கேட்டில் அம்மாமாரும் சொன்னார்கள். சிலருக்குக் கோபம் வரும். "என்னக்கா, பிள்ளைக்குச் சோதனை வெச்சது போதாதுன்னு எனக்கு வேற வெக்கிறியா?" என்பார்கள். சொல்லிவிட்டுப் போ தாயே என்பேன்.

இனி அந்த வருஷத்துக் கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். இந்த மலருக்கு நான் சொல்ல ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான்.

கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்துக்குக் கணக்கு எடுத்த ஆசிரியை, சீனப் பெருநாள் விடுமுறைக்குப் பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு கூச்சிங் போய்விட்டார். கணவருக்கு அங்கே வேலை, அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. இலாகாவுக்கு எழுதினோம், எழுதிக்கொண்டே இருந்தோம். உடற்பயிற்சி ஆசிரியர் வகுப்பில் வந்து உட்கார்ந்து, சத்தம் போடாமல் ஏதாவது செய்யுங்கள் என்பார். எஸ்.பி.எம். எழுதுகிற பிள்ளைகள். அந்தச் சோதனையை வைத்துத்தான் ஒரு பிள்ளை எந்தப் பக்கம் போகும் என்பதே முடிவாகும். புவான் வருவதற்கு முன்னால் இதை எந்த வீட்டுக்கும் யாரும் சொல்லவில்லை.

துணை முதல்வர் தியாகு சார் நல்ல மனிதர்தான், கொஞ்சம் பயந்த சுபாவம். "ஆள் வந்த பிறகு சொல்லிக்கலாம் புவான். இப்பச் சொன்னா சத்தம் போடுவாங்க" என்றார்.

"சத்தம் போட வேண்டியதுதான்" என்று புவான் சொல்லிவிட்டு, இதைக் கேட்டில் சொல்லி முடிக்கக் கூடாது, தானே நேரில் சொல்ல வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்துக்குக் கடிதம் அனுப்பச் சொன்னார். கடிதம் போனது. வந்தவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம், அவ்வளவுதான் கூட்டம். இதற்கிடையில் எஸ்.பி.எம்.முக்கு முன்னால் பள்ளி வைக்கிற டிரையல் சோதனை நடந்து, வகுப்பாசிரியர்கள் வழக்கம்போல மார்க்கைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். புவானுக்கு அது தெரிந்தபோது மார்க் வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

'டிக்' என்று பேனா மூடிச் சத்தம் கேட்டது.

"மார்க் மட்டும் போயிருக்கிறது. காரணம் போகவில்லை" என்றார். "காரணம் இல்லாமல் மார்க் போனால், காரணத்தை வீட்டிலேயே கண்டுபிடித்துக்கொள்வார்கள்."

அவர் சொன்ன மாதிரியே ஒரு வீட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை பாசாரில் மீன் கடைப் பக்கம் சரஸைப் பார்த்தேன். அவளுடைய மகள் லோகேஸ்வரி ஐந்தாம் படிவம். எங்களுக்கெல்லாம் லோகா. வாய் ஓயாத பெண், மணி அடிக்க நான் போனால் கூடவே ஓடிவந்து கயிற்றைப் பிடிப்பாள். இரண்டு நாளாக அவளைப் பள்ளியில் காணவில்லை.

"காய்ச்சலா?" என்று கேட்டேன்.

"காய்ச்சல் இல்லக்கா. இனிமே வர மாட்டா" என்றாள் சரஸ். மீனைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கணக்குல ஒம்போது மார்க். மூளையில்லாததுக்கு எதுக்கு ஸ்கூலுன்னுட்டாரு அவங்கப்பா. திங்கக்கிழமை ஷா ஆலம் ஃபேக்டரில சேத்து விடப் போறாரு. செலாயாங்ல எங்க நாத்தனார்கிட்ட மாப்பிள்ளை பாக்கவும் சொல்லியாச்சு. பொண்ணு ரெண்டு நாளா சாப்பிடல."

ஒன்பது ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மீன் கடையில் பியூன் சொன்னால் அது வம்புப் பேச்சு. பள்ளிக்கூடம் சொல்ல வேண்டும். வாங்கின மீனை அப்படியே வீட்டில் வைத்துவிட்டு நேரே பள்ளிக்குப் போனேன். சனிக்கிழமையிலும் புவான் இருப்பார். ஆறுமுகம், அதாவது லோகாவின் அப்பா, துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். போன் அடித்தோம், எடுக்கவில்லை. அவருக்கு மறுபடியும் ஒரு கடிதம் எழுதலாமா என்று புவான் கேட்டார்.

"புவான், எங்க ஆளுங்களுக்குக் கடுதாசி வந்தா தகவல். வாசலுக்கு ஆள் வந்தாத்தான் அழைப்பு. கல்யாணத்துக்குப் பத்திரிகைய தபால்ல போட்டா, எங்களை மதிக்கலன்னு வராமலே இருந்திடுவாங்க. தட்டு எடுத்துக்கிட்டு நேர்ல போகணும்."

"தட்டில் என்ன இருக்கும்?"

சொன்னேன். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு. யார் பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் நின்று கொடுக்க வேண்டும், வாங்குகிறவர் எப்படி வாங்குவார் என்று எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறு இன்னொரு கூட்டம் வைப்போம், அந்த வகுப்பின் தமிழ் வீடுகள் அத்தனைக்கும் இப்படியே போய் அழைப்போம், முதல் வீடு ஆறுமுகம் வீடு என்று முடிவானது. மலாய், சீனக் குடும்பங்களுக்கு அவரவர் வழக்கம் தெரிந்த ஆசிரியர்கள் போவதாக ஏற்பாடு.

நான் வீட்டுக்குப் போய்க் கோவிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தேன். தட்டு எடுக்கும்போது பாசார் சேலையோடு போக முடியாது. கோவிலடிக் கடையில் வெற்றிலை வாங்கினோம். காரில் போகும்போது புவான் செய்தியைச் சொல்ல, நான் கண்ணாடியைப் பார்த்துத் தமிழில் திருப்பிச் சொல்லிக்கொண்டே போனேன்.

நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. தட்டை நான் பிடித்துக்கொண்டேன். புவான் முட்டியோடு ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார், நான் முன்னால் போய்விட்டேன். மேலே வரந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பொம்பளை தட்டைப் பார்த்தாள், என் சேலையைப் பார்த்தாள்.

"யார் வீட்டுக்குக்கா?"

"ஆறுமுகம் வீட்டுக்கு."

"சரசு! ஏய் சரசு! வந்துட்டாங்க!"

கதவு திறந்தது. சரஸ் தட்டைப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது. "அக்கா, நீங்கதானா! செலாயாங்லேர்ந்து அனுப்பிச்சாங்களா? காலைல மீன் கடையில ஒரு வார்த்தை சொல்லலயே நீங்க!" என்று தட்டை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டாள். ஆறுமுகம் கைலிக்கு மேலே சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அவசரத்தில் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"உக்காருங்கக்கா. அவங்க பின்னாடி வராங்களா?"

"வராங்க தம்பி. முட்டி வலி, மெதுவா ஏறுறாங்க" என்றேன் நான், புவானை நினைத்துக்கொண்டு.

"மாப்பிள்ளையோட அம்மாவா? பாவம், நாலு மாடி" என்றார்.

உள்ளேயிருந்து சரஸின் குரல் கேட்டது. "அழுவாம அந்தப் பச்சை பஞ்சாபி சூட்டைப் போட்டுக்கிட்டு வா. கோப்பிய நீதான் எடுத்துக்கிட்டு வரணும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாயைத் திறப்பதற்குள் புவான் வாசலில் வந்து நின்றார். மலாய்ப் பெண்கள் உடுத்துகிற பாஜு கூரோங், தலையில் முக்காடாகத் தூடோங், மூச்சு வாங்குகிறது. எங்களிடம் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தையை "வணக்கம்" என்று சொன்னார். ஆறுமுகம் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். வரந்தாவில் துணி காயப்போட்டவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். அதே நேரம் பார்த்து லோகா கண் வீங்கிப்போய்ப் பச்சை உடுப்பில் கோப்பித் தட்டோடு வந்தாள். நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தாள்.

"பெங்கெத்துவா!" என்றாள். அப்படியே திரும்பிக் கோப்பியோடு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். பெண் கேட்க வரவில்லை, பள்ளிக்கூடம் அழைக்க வந்திருக்கிறது என்றேன். ஆறுமுகத்துக்கு முதலில் வெட்கம். அது கோபமாக மாற அதிக நேரம் ஆகவில்லை.

"என்னக்கா இது? ஸ்கூல் விசயத்துக்கு வெத்தல தட்டா? வயசுப் பொண்ணு இருக்கிற வீட்டுக்கு இப்படியா வருவீங்க? நாளைக்கு இந்த ஃபிளாட்டு பூரா பேசும்!"

"பேசட்டும் தம்பி. பள்ளிக்கூடமே நாலு மாடி ஏறி ஆறுமுகத்த அழைச்சிச்சுன்னு பேசட்டும்" என்றேன். தட்டு எடுத்துப் போனது தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

புவான் சுடுநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தார். எழுத ஒன்றும் இல்லை. மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். பிறகு பேசினார். ஆறுமுகத்துக்கு மலாய் தெரியும், துறைமுகத்தில் மலாய் தெரியாமல் லோரி ஓட்ட முடியாது. ஆனாலும் புவான் என் பக்கம் திரும்பினார். "கெட்ட செய்தியை அவரவர் வீட்டில் சண்டை போடுகிற மொழியில்தான் கேட்க வேண்டும். நீங்கள் சொல்லுங்கள் காக்."

நான் சொன்னேன். "தம்பி, சீனப் பெருநாளுக்கு அப்புறம் ஐந்தாம் படிவத்துக்குக் கணக்கு வாத்தியார் இல்ல. இன்னைக்கு வரைக்கும் ஆள் வரல. சொல்லிக் கொடுக்காத பாடத்துக்குப் பள்ளிக்கூடம் சோதனை வெச்சிருக்கு. வகுப்புல அநேகமா எல்லாப் பிள்ளையும் ஃபெயில். தப்பு பள்ளிக்கூடத்தோடது, உங்க பிள்ளையோடது இல்ல. இத முன்னயே வந்து சொல்லியிருக்கணும். சொல்லாததும் பள்ளிக்கூடத்தோட தப்புதான்."

புவான் என்னைப் பார்த்தார். "திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்" என்றார்.

இன்றைக்குமா என்று நினைத்தேன். ஆள் இருந்த நிலை அப்படி. ஆனாலும் முறை முறைதான்.

"தம்பி, நாங்க சொன்னத நீங்க ஒரு தடவ சொல்லுங்க."

"ஏன், எனக்குக் காது கேக்காதா?"

"கேக்கும். எங்க பள்ளிக்கூடத்து வழக்கம். எல்லா அப்பா அம்மாவையும் சொல்லச் சொல்லுவோம்."

அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் கேலண்டர் தவிர ஒன்றும் இல்லை. லோகா அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தாள். கோப்பித் தட்டு இன்னும் கையில் இருந்தது.

"சீனப் பெருநாள்லேர்ந்து கணக்கு வாத்தியார் இல்ல" என்றார். "சொல்லிக் குடுக்காத பாடத்துக்குச் சோதனை வெச்சிருக்காங்க." தொண்டையைச் செருமினார். "அதனால..."

அங்கே நின்றுவிட்டார்.

வெளியே வரந்தாவில் ஒரு பிள்ளை சைக்கிளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டிக்கொண்டு போனது. திரும்பியும் வந்தது. நான் எடுத்துக் கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன், புவான் கையைத் தூக்கினார். அவருக்குத்தான் காத்திருக்கத் தெரியுமே.

"அதனால இவ மேல தப்பில்ல" என்றார் ஆறுமுகம். சுவரிடம்தான் சொன்னார். பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "கோப்பி ஆறிடப் போவுது. வந்தவங்களுக்குக் குடு" என்றார்.

லோகா வந்து கொடுத்தாள். சாசரெல்லாம் கோப்பி. புவான் தே கோப்பி எதையும் தொடாதவர், அன்றைக்கு ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

அதன் பிறகுதான் ஆறுமுகம் மூன்றாவது கேள்வியைக் கேட்டார். "சரி. இப்ப என்ன செய்யப் போறீங்க?"

சாலாக் செலாத்தானில் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் வோங் என்று ஒருவர் இருந்தார். அவரிடம் பேசியிருக்கிறோம், ரயில் ஏறி வர ஒத்துக்கொண்டிருக்கிறார், வாரத்தில் மூன்று நாள் மாலையில் சொல்லிக் கொடுப்பார் என்றார் புவான். நிரந்தரமாக ஆள் எப்போது வரும் என்று தனக்குத் தெரியாது என்பதையும் சொன்னார். ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டில் காக் நிற்பார், அந்த வாரம் என்ன நடந்தது என்று சொல்வார் என்றார்.

"ஆள் வரலன்னாலும் சொல்லுவீங்களா?"

"வரவில்லை என்றாலும் சொல்வோம்."

"திங்கக்கிழமை..." என்று இழுத்தாள் சரஸ்.

"ஃபேக்டரி எங்கயும் ஓடிடாது" என்றார் ஆறுமுகம். சாமி படத்துக்கு முன்னால் இருந்த தட்டை அவரே எடுத்து, வெற்றிலை பாக்கை வைத்துக்கொண்டு வெறும் தட்டை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். அப்படியென்றால் அழைப்பை ஏற்றுக்கொண்டார் என்று கீழே இறங்கும்போது புவானுக்குச் சொன்னேன்.

மற்ற வீடுகளுக்கும் போனோம். முறையில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம் செய்தோம். மாடிப்படி ஏறும்போதே நான் சத்தமாக, "பள்ளிக்கூடத்துலேர்ந்து வரோம்!" என்று சொல்லிக்கொண்டே ஏறுவேன். அப்படியும் ஒரு வீட்டில் பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டார்கள்.

அந்த ஞாயிறு மண்டபம் நிறைந்தது. தட்டு வாங்கிய வீட்டிலிருந்து ஆள் வராமல் இருக்க முடியுமா? கேன்டீன் நாற்காலியெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தோம். தியாகு சார் பயந்த மாதிரியே சத்தம் போட்டார்கள். புவான் குறுக்கே பேசவில்லை. எல்லோரும் ஓய்ந்த பிறகு அந்த மூன்று கேள்விக்கும் பதில் சொன்னார். ஆறுமுகம் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் யாரோ, "இவங்கள நம்ப முடியாது" என்றதற்குத் திரும்பிப் பார்த்து, "நாலு மாடி ஏறி வந்து தப்புன்னு சொன்னாங்க. உங்க முதலாளி என்னைக்காவது சொல்லியிருக்கானா?" என்றார்.

வெள்ளிக்கிழமைகளில் நான் கேட்டில் நின்றேன். ஆறுமுகம் துறைமுகத்துக்குப் போகிற வழியில் கண்டெய்னர் லோரியைக் கேட்டுக்கு எதிரே மெதுவாக்கித் தலையை வெளியே நீட்டுவார்.

"அக்கா! என்ன செய்தி?"

"இந்த வாரமும் ஆள் வரல! வோங் சார் மூணு நாளும் வந்தாரு! சின்னச் சோதனை ஒன்னு வெச்சாங்க, லோகாவுக்கு முப்பத்தொன்னு!"

இன்ஜின் சத்தத்துக்கு மேலே அவரும் கத்தித் திருப்பிச் சொல்வார். "ஆள் வரல! வோங் சார் வந்தாரு! முப்பத்தொன்னு!" பின்னால் நிற்கிற கார்க்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். "பொறு பாஸ், ஸ்கூல் விசயம் லா!" என்று அவர்களுக்கும் ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் போவார். துறைமுகத்தில் சரக்கு ஏற்றக் காத்திருக்கிற மற்ற அப்பாமாருக்கு இந்தச் செய்தி மதியத்துக்குள் போய்விடும். அவர்களையும் திருப்பிச் சொல்ல வைப்பாராம்.

முப்பத்தொன்று ஒரு வெள்ளிக்கிழமை நாற்பத்தாறு ஆனது. இன்னொரு வாரம் நாற்பதுக்கு இறங்கியது. இறங்கினதையும் அப்படியேதான் சொன்னேன். இறங்கினதைச் சொல்லும்போது என் குரல் தாழ்ந்துபோகும், அவர் விட மாட்டார். "சத்தமா சொல்லுக்கா!" என்பார். நிரந்தர ஆசிரியர் அந்த வருஷம் முடியும் வரை வரவே இல்லை. ஒவ்வொரு வெள்ளியும் அதையும் சொன்னேன். கேட்டுக் கேட்டுப் பழகியதால், 'எங்களுக்கு ஏன் சொல்லவில்லை' என்று பெற்றோர் ஒருவரும் கேட்கவில்லை. கடைசி வாரங்களில் சில அப்பாமாரே தொகுதி எம்.பி. ஆபீஸுக்கும் இலாகாவுக்கும் நேரில் போய் ஆள் கேட்டார்கள். அடுத்த வருஷம் பள்ளி திறந்த அன்றைக்கே ஐந்தாம் படிவத்துக்குக் கணக்கு ஆசிரியர் இருந்தார்.

எஸ்.பி.எம். முடிவு வந்த அன்று ஆறுமுகம் லோரியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டில் என் பக்கத்தில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. லோகா மண்டபத்திலிருந்து தாளைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அப்பா, கணக்குல சி!"

சி என்றால் நல்ல தேர்ச்சி, மேலே படிக்கப் போகலாம். ஆறுமுகம் தாளை வாங்கவில்லை.

"திருப்பிச் சொல்லு" என்றார்.

"கணக்குல சிப்பா."

"இன்னொரு தடவ."

அவள் சொன்னாள். அவர் லோரிப் பக்கம் திரும்பிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் என்றார். லோகா அந்த வருஷம் ஷா ஆலத்துக்குத்தான் போனாள், கல்லூரியில் படிக்க. செலாயாங் அத்தை பார்த்து வைத்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் பெண் கிடைத்திருக்கும்.

தர்ஷினி, உனக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வாட்ஸ்அப் நல்ல சாமான், அதை விட வேண்டாம். ஆனால் ஆள் இல்லை, மார்க் இறங்கிவிட்டது என்கிற மாதிரிச் செய்தி வந்தால் போனை எடுத்துப் பேசு. பேசி முடித்ததும் அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல். முடிந்தால் படி ஏறிப் போ. கீழேயிருந்தே யார் என்று சத்தம் கொடுத்துவிட்டு ஏறு.

ஏம்மா, எழுதிட்டியா? பேனாவை மூடிட்டு, முதல்லேர்ந்து ஒரு தடவ எனக்கு வாசிச்சுக் காட்டு. நான் சொன்னதுதான் இருக்கான்னு பாக்கணும். அவசரப்படாம வாசி. ஆறுமுகம் நின்ன இடம் வந்தா, நீயும் அங்க கொஞ்சம் நின்னுட்டு அப்புறம் வாசி.